இதயத்துக்கு மூக்கணாங்கயிறு: தானியங்கு நரம்பு மருந்துகளும் நாடித்துடிப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவர் மயக்க மருத்துவர். என் தொழில் அதுதான். அறுவை நடக்கும் இடத்தை நான் அதிகம் பார்ப்பதில்லை. மானிட்டரின் சத்தத்தைத்தான் காதில் வாங்கிக்கொண்டிருப்பேன். ஒரு மில்லி மருந்து உள்ளே போன அரை நிமிடத்தில் அந்தச் சத்தம் ஓட ஆரம்பிக்கும், அல்லது தயங்கித் தயங்கி வரும். ஏன் என்று வார்டில் நோயாளிகளும் கூட இருப்பவர்களும் கேட்டவை, தியேட்டரில் ஹவுஸ் சர்ஜன்கள் கேட்டவை எல்லாம் இங்கே இருக்கின்றன. பேச்சுவழக்கில் ரத்தக் குழாயையும் நாம் நரம்பு என்றுதான் சொல்கிறோம். இந்தப் பக்கத்தில் நரம்பு என்றால் மூளையின் செய்தியைக் கொண்டுபோகும் நரம்பு மட்டுமே. இன்னொன்று: இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

இதயம் தானாகத் துடிக்கிறதா, மூளை சொல்லித் துடிக்கிறதா?

தானாகத்தான். வலது மேலறையின் உச்சியில், பெரிய சிரை வந்து சேரும் இடத்தில், சைனஸ் முடிச்சு என்ற சிறு திசு இருக்கிறது. 1907-இல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இருவர் இதை அடையாளம் கண்டார்கள். யாரும் சொல்லாமலே அது மின்துடிப்பைக் கிளப்பிக்கொண்டே இருக்கும்.

மூளையின் கை வேகத்தில்தான் இருக்கிறது. வேகத்தைக் கூட்டும் நரம்பு, குறைக்கும் நரம்பு இரண்டின் பிடியையும் மருந்தால் விலக்கிவிட்டு, இதயத்தின் சொந்த வேகம் என்ன என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். இருபது வயதில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 105; அறுபது வயதில் 85-ஐ ஒட்டி. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் நாடி 70 தானே? அப்படியென்றால் நாள் முழுக்க யாரோ இதயத்தைப் பிடித்து இழுத்துவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வண்டி மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கு என்று ஒரு நடை உண்டு. வண்டிக்காரர் மூக்கணாங்கயிற்றை லேசாக இழுத்துப் பிடித்தபடியே ஓட்டுகிறார். அவசரம் வந்தால் கயிற்றைத் தளர்த்துவார். அதுவும் போதாவிட்டால் தார்க்குச்சியால் ஒரு குத்து. கயிறு வேகஸ் நரம்பு, எதிர்ப்பரிவு நரம்பு மண்டலத்தைச் சேர்ந்தது. தார்க்குச்சி பரிவு நரம்பு. இரண்டும் சேர்ந்ததுதான் நாம் நினைக்காமலே இயங்கும் தானியங்கு நரம்பு மண்டலம். கயிற்றை விட்டதால் மாடு ஓடுகிறதா, குத்தியதால் ஓடுகிறதா என்பதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் இந்தப் பக்கத்தில் பாதி முடிந்துவிட்டது.

ஹவுஸ் சர்ஜன்கள் ஆரம்பத்தில் இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடுவார்கள். அவர்களிடம் நான் சொல்வது: "பெயர்தான் வேகஸ், வேலை வேகத்தைக் குறைப்பது."

நரம்பு இதயத்திடம் எப்படிப் பேசுகிறது?

வேதிப்பொருள் வழியாக. இது தெரியவந்த கதையே ஒரு சுவாரசியம். வேகஸ் நரம்பைத் தூண்டினால் இதயம் மெதுவாகும் என்பது 1845-லேயே வெபர் சகோதரர்களால் தெரியும். எப்படி என்பது தெரியவில்லை. மின்சாரம் நேராகத் தாவுகிறது என்றே பலர் நம்பினார்கள். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இருந்த ஓட்டோ லோவி 1920-இல் ஓர் இரவு கனவில் ஒரு சோதனையைக் கண்டார். தூக்கக் கலக்கத்தில் துண்டுச் சீட்டில் கிறுக்கிவைத்தார். காலையில் பார்த்தால் தன் கையெழுத்து தனக்கே புரியவில்லை. மறுநாள் இரவும் அதே கனவு. இந்தமுறை சீட்டை நம்பவில்லை. நடுச்சாமத்தில் எழுந்து நேரே சோதனைக்கூடத்துக்குப் போய்விட்டார்.

இரண்டு தவளை இதயங்கள். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், அது மெதுவானது. அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். எந்த நரம்பையும் தொடாமலே அதுவும் மெதுவானது. திரவத்தில் ஏதோ கலந்திருக்கிறது என்பது உறுதியாயிற்று. அது அசிட்டைல்கோலின் என்று பின்னர் தெரிந்தது. 1936-இல் ஹென்றி டேலுடன் சேர்த்து லோவிக்கு நோபல் பரிசு. நான் இன்று தியேட்டரில் எடுக்கும் ஊசிகளில் பாதி அந்தத் தவளைகளுக்குக் கடன்பட்டவை.

பரிவு நரம்பின் பக்கம் பேசும் பொருள் நார்அட்ரினலின்; சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பி ரத்தத்தில் விடுவது பெரும்பாலும் அட்ரினலின். இதயத்தில் இவை ஒட்டும் ஏற்பியின் பெயர் பீட்டா-1. அசிட்டைல்கோலின் ஒட்டுவது எம்-2 என்ற மஸ்கரினிக் ஏற்பியில். வேகஸின் பேச்சு உடனடி: ஓரிரு துடிப்புக்குள் பலன் தெரியும், நிறுத்தினால் உடனே மறையும். பரிவின் பேச்சு நிதானமாக ஏறி நிதானமாக இறங்கும். திடுக்கிட்ட பிறகும் நெஞ்சு கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டே இருப்பது இதனால்தான்.

வேகம் மட்டும்தான் மாறுமா? ஈசிஜியில் வேறென்ன மாறும்?

மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் ஏ.வி. முடிச்சு என்று ஒரு சோதனைச்சாவடி உண்டு. மேலிருந்து வரும் மின்துடிப்பை ஒரு கணம் நிறுத்தித்தான் கீழே விடும். வேகஸ் இழுத்தால் அந்த நிறுத்தம் நீளும், ஈசிஜியில் பி.ஆர். இடைவெளி கூடும். இன்னும் இழுத்தால் சில துடிப்புகள் கீழே இறங்காமலே நின்றுவிடும். நன்கு பயிற்சி செய்த ஓட்டக்காரர் ஆழ்ந்து தூங்கும்போது இப்படி நடப்பதுண்டு. அதற்கு வைத்தியம் தேவையில்லை. பீட்டா தடுப்பான் (பீட்டா ஏற்பியை அடைக்கும் மாத்திரை) சாப்பிடும் முதியவருக்கு நடந்தால் கவனிக்க வேண்டும்.

பரிவு மிகைப்பட்டால் வேறு வம்பு. சைனஸ் முடிச்சைத் தவிர மற்ற இடங்களிலும் திசு தன்னிச்சையாகத் துடிப்பைக் கிளப்பும். "ஒரு துடிப்பு விட்டுப் போன மாதிரி இருக்கு டாக்டர்" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

பலருக்கு வியப்பூட்டும் செய்தி: கயிற்றை அதிகமாக இழுத்தாலும் தாளம் கெடும். வேகஸ் மேலறைத் தசையின் ஓய்வு நேரத்தைச் சுருக்குவதால், மேலறை நடுக்கம் (மேலறை ஒழுங்கின்றித் துடிப்பது) வரும் உடல்வாகு உள்ள சிலருக்கு வயிறு முட்டச் சாப்பிட்ட பின்போ, இரவுத் தூக்கத்திலோ அது தொடங்கும். இவர்களில் சிலருக்குப் பீட்டா தடுப்பான் உதவாது. நிலைமையைக் கூட்டிவிடவும் செய்யலாம்.

அட்ரோபின் ஊசி என்ன செய்கிறது?

கயிற்றை அறுக்கிறது. எம்-2 ஏற்பியில் அசிட்டைல்கோலினை உட்காரவிடாமல் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. மாட்டை அது குத்துவதில்லை; மாடு தன் சொந்த நடைக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். இளைஞருக்கு நாடி 70-லிருந்து 110-க்குப் போகும். முதியவருக்கும் பச்சிளம் குழந்தைக்கும் ஏற்றம் குறைவு, ஏனென்றால் அவர்களிடம் கயிற்றின் இழுப்பே குறைவு. கூடவே வாய் வறளும், கண்மணி விரியும், சிறுநீர் இறங்கச் சிரமப்படும்.

மாறுகண் அறுவையில் இதன் அருமை தெரியும். கண் தசையைக் கொக்கி போட்டு இழுத்ததும் குழந்தையின் நாடி 120-லிருந்து 50-க்கு விழும். கண்ணிலிருந்து மூளைக்கு, மூளையிலிருந்து வேகஸ் வழியாக இதயத்துக்கு என்று அந்தச் செய்தி போகிறது. முதலில் "சார், இழுப்பை விடுங்க" என்போம். விட்டதும் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகாவிட்டால் அட்ரோபின். லேப்ராஸ்கோப்பிக்காக வயிற்றில் வாயு ஏற்றும் நேரத்திலும் இதே கதை.

கொஞ்சமாகக் கொடுத்தால் நாடி இன்னும் குறையும் என்கிறார்களே?

உண்மை. பெரியவர்களுக்கு 0.5 மி.கி.க்கும் குறைவாகக் கொடுத்தால் சில நேரம் நாடி இறங்கும். நரம்பு முனையில் "போதும், நிறுத்து" என்று அசிட்டைல்கோலினைக் கட்டுப்படுத்தும் ஓர் ஏற்பி இருக்கிறது, சிறு அளவு மருந்து முதலில் அதை அடைத்துவிடுகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். நம்மூர் ஆம்பூல் 0.6 மி.கி. என்பதால் அரை ஆம்பூல் போட்டுப் பார்ப்போம் என்ற ஆசை புதியவர்களுக்கு வரும். நாடி விழுந்து நோயாளி தவிக்கும்போது அந்தக் கஞ்சத்தனம் உதவாது. அவசர சிகிச்சை நெறிமுறையில் ஒரு தடவைக்கு 1 மி.கி., மொத்தம் 3 மி.கி. வரை.

மாற்று இதயம் பொருத்தியவருக்கு அட்ரோபின் ஏன் வேலை செய்வதில்லை?

கயிறே இல்லாத மாடு அது. அறுக்க என்ன இருக்கிறது? இதயத்தை எடுத்து இன்னொருவர் நெஞ்சில் வைக்கும்போது நரம்புகள் வெட்டுப்படுகின்றன. அதனால் சும்மா இருக்கும்போதே நாடி 90 முதல் 110 வரை இருக்கும். மாடிப்படி ஏறினால் உடனே கூடாது. அட்ரினலின் ரத்தத்தில் மிதந்து வந்து சேர்ந்த பிறகு மெல்ல ஏறும், உட்கார்ந்த பிறகும் உடனே இறங்காது. இவருக்கு நாடி விழுந்தால் ஐசோபிரினலின், அட்ரினலின் போன்ற, இதயத்தின் ஏற்பியை நேரடியாகத் தூண்டும் மருந்துகளோ பேஸ்மேக்கரோதான் வழி. லோவியின் தவளைகளுக்கு அடுத்தபடியாக, இதயத்துக்கும் நரம்புக்கும் உள்ள உறவைக் கண்முன் காட்டும் சான்று இவர்கள்தான் என்று எனக்குத் தோன்றும்.

பிரஷர் ஏற்றும் மருந்து போட்டதும் நாடி குறைந்தது. இதயத்தைப் பாதிக்கும் மருந்தா?

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்ட பிறகு தாயின் ரத்த அழுத்தம் இறங்கும். ஃபீனைல்எஃப்ரின் கொடுப்போம். அழுத்தம் 90-லிருந்து 130-க்கு ஏறும். நாடி 85-லிருந்து 58-க்கு இறங்கும். மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஹவுஸ் சர்ஜனுக்குப் பதறும்.

அந்த மருந்து இதயத்தின் வேகத்தைத் தொடவே இல்லை. ரத்தக் குழாய்களின் ஆல்ஃபா ஏற்பியில் ஒட்டி அவற்றை இறுக்குகிறது. அழுத்தம் ஏறியதைக் கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள உணரிகள் மூளைக்குச் சொல்கின்றன. மூளை வேகஸ் கயிற்றை இழுக்கிறது. நாடி விழுவது உடலின் பதில். தானியங்கு நரம்பு மருந்துகளில் பாதிக் குழப்பம் இங்கேதான்: மருந்து செய்தது எது, அதற்கு உடல் செய்தது எது என்று பிரிக்காமல் பார்ப்பது. நார்அட்ரினலினே இதற்குச் சாட்சி. பீட்டா-1-ஐத் தூண்டி நாடியைக் கூட்ட வேண்டிய மருந்து. ஆனால் அழுத்தம் ஏறுவதால் வரும் வேகஸ் இழுப்பு அதைச் சமன் செய்துவிட, நாடி பெரும்பாலும் மாறாமலோ குறைந்தோ இருக்கும்.

எதிர்த் திசையிலும் இப்படியே. ரத்தக் குழாயைத் தளர்த்தும் மாத்திரைகள் அழுத்தத்தை இறக்கும்போது உடல் நாடியைக் கூட்டும். புராஸ்டேட் தொல்லைக்காக ஆல்ஃபா தடுப்பான் தொடங்கிய தாத்தா, இரவில் எழுந்ததும் தலைசுற்றிப் படபடப்போடு சுவரைப் பிடித்துக்கொள்வது இதனால்தான். முதல் சில நாள் படுக்கும் முன் சாப்பிட்டு, எழும்போது கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழச் சொல்கிறோம்.

மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறேன். நாடி 52 காட்டுகிறது. பயப்படவா?

தலைசுற்றல், மயக்கம், மூச்சுவாங்கல், புதிதாக வந்த களைப்பு இல்லையென்றால் 52 என்பது அந்த மாத்திரை தன் வேலையைச் செய்கிறது என்பதற்கான அடையாளம். மெட்டோப்ரோலால் ஒரு பீட்டா தடுப்பான்; அது தார்க்குச்சியைப் பிடுங்கி வைத்துவிடுகிறது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது சொல்லுங்கள். ஆனால் மயக்கம் வந்து விழுந்தாலோ, நாடி 40-க்குப் பக்கத்தில் போனாலோ காத்திருக்க வேண்டாம், மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒழுங்கற்ற துடிப்பில் தப்பாகவும் எண்ணும். மணிக்கட்டில் விரல் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்.

வேகத்தைக் குறைப்பதற்கு அப்பாலும் பீட்டா தடுப்பானுக்கு வேலை உண்டு. பரம்பரையாக வரும் நீண்ட க்யூ.டி. நோயில், நீந்தும்போதும் ஓடும்போதும் அட்ரினலின் பாய்ந்து இதயம் ஆபத்தான தாளத்துக்கு நழுவும். அந்தக் குழந்தைகளுக்குப் புரோப்ரனோலால், நாடோலால் போன்ற பீட்டா தடுப்பான்தான் உயிர்க்காப்பு. ஓடும்போதோ நீந்தும்போதோ மயங்கி விழுந்த பிள்ளைக்கு "வெயில்தான் காரணம்" என்று எலுமிச்சைச் சாறு கொடுத்துவிட்டு நிறுத்திவிடாமல் ஓர் ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

இதய பலவீனம் உள்ளவருக்கு இதயத்தை அடக்கும் மருந்து எப்படிக் கொடுக்கலாம்?

நியாயமான சந்தேகம். ஒரு காலத்தில் பாடப்புத்தகமே கொடுக்கக் கூடாது என்றது. ஜேம்ஸ் பிளாக் 1960-களில் புரோப்ரனோலாலை உருவாக்கியது நெஞ்சுவலிக்காக. 1975-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் வாக்ஸ்டைனும் கூட்டாளிகளும், இதயத் தசை நலிந்து நாடி ஓடிக்கொண்டிருந்த ஏழு பேருக்குத் துணிந்து பீட்டா தடுப்பான் கொடுத்து, தேறினார்கள் என்று எழுதினார்கள். வெறும் ஏழு பேர் என்று உலகம் நெடுநாள் நம்பவில்லை. 1999-இல் பிசோப்ரோலால் என்ற பீட்டா தடுப்பானை வைத்து நடந்த பெரிய ஆய்வில் இறப்பு 34 விழுக்காடு குறைந்தது.

காரணத்தை மாட்டை வைத்தே சொல்லலாம். நலிந்த மாட்டைத் தார்க்குச்சியால் குத்தினால் அன்றைக்கு நடக்கும். தினமும் குத்தினால் விழுந்துவிடும். இதயம் பலவீனமானதும் உடல் பதறி அட்ரினலினைக் கொட்டுகிறது, அந்தக் குத்தே தசையை மேலும் அழிக்கிறது. ஆனால் மூச்சுத்திணறலோடு நுரையீரலில் நீர் கோத்திருக்கும் நிலையில் இதைத் தொடங்கக் கூடாது. நிலை சீரான பின், மிகச் சிறிய அளவில் தொடங்கி, வாரக் கணக்கில் மெதுவாக ஏற்ற வேண்டும்.

நன்றாக இருக்கிறேன் என்று பீட்டா தடுப்பானை நிறுத்திவிட்டால்?

கூடவே கூடாது. மருந்து அடைத்து வைத்திருந்த நாட்களில் இதயம் சும்மா இருப்பதில்லை. கூடுதலாக ஏற்பிகளை முளைக்கவிட்டிருக்கும். திடீரென்று மருந்தை நிறுத்தினால் சாதாரண அட்ரினலினே பலமடங்காகத் தெரியும். படபடப்பு, நெஞ்சுவலி, மாரடைப்புவரை போகலாம். பிரஷருக்கான குளோனிடினை நிறுத்தினாலும் இப்படித் துள்ளும்.

வருடத்தில் பலமுறை இதைப் பார்க்கிறேன். "ஆபரேஷனுக்கு வெறும் வயிறு" என்று சொன்னதைக் கேட்டு, மூன்று நாளாக எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டு வருவார்கள். தியேட்டர் மேசையில் நாடி 130. வெறும் வயிறு என்பது சாப்பாட்டுக்கு. பீட்டா தடுப்பானை அன்று காலையும் ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கச் சொல்வதுதான் வழக்கம். உங்கள் மயக்க மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோயும் இருக்கிறது. ஏதாவது சிக்கலா?

சர்க்கரை இறங்கும்போது படபடப்பும் கைநடுக்கமும் எச்சரிக்கை மணி. பீட்டா தடுப்பான் அந்த மணியின் நாக்கைக் கட்டிவிடும். வியர்வை மட்டும் தப்பும், அது அசிட்டைல்கோலின் வழியாக வருவது. காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தால் குளுக்கோமீட்டரை எடுங்கள்.

கண் சொட்டு மருந்துக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. கண்ணழுத்த நோய்க்குப் போடும் டிமோலால் ஒரு பீட்டா தடுப்பான். கண்ணில் விட்ட சொட்டு, கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கு இறங்கி நேராக ரத்தத்தில் கலக்கிறது. மாத்திரை என்றால் முதலில் கல்லீரலுக்குப் போய்ப் பாதி அழிந்திருக்கும். சொட்டு அந்தச் சுங்கச்சாவடியைத் தவிர்த்துவிடுகிறது. முதியவருக்கு நாடி 40-க்கு இறங்கலாம், ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பு வரலாம். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்ணோரத்தை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் ரத்தத்துக்குப் போவது வெகுவாகக் குறையும். "வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்ற கேள்விக்குச் சொட்டு மருந்தைச் சொன்ன நோயாளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நெபுலைசர் வைத்ததும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

சால்பியூட்டமால் மூச்சுக்குழாயின் பீட்டா-2 ஏற்பிக்கான மருந்து. இதயத்தில் பீட்டா-1 தான் அதிகம் என்றாலும் பீட்டா-2-வும் கொஞ்சம் உண்டு. போதாக்குறைக்கு ரத்தக் குழாய் தளர்வதால் வரும் அனிச்சை வேகமும் சேரும். கை நடுங்கும், நாடி 110, 120 ஆகும், சிறிது நேரத்தில் அடங்கும். பெரும்பாலோருக்கு அது ஆபத்தில்லை. மூச்சு அடைபட்டிருப்பதுதான் ஆபத்து. திரும்பத் திரும்ப வைக்கும்போது ரத்தத்தில் பொட்டாசியம் குறையும். நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவருக்கு அதனால் தாளம் தவறலாம்.

மூச்சிரைப்புக்குப் போடும் டெரிஃபிலின் ஊசி தனி ரகம். நரம்பின் ஏற்பி வழியாக அல்லாமல், செல்லுக்கு உள்ளே நடக்கும் வேதிவினையில் தலையிட்டு அதே பலனைத் தருகிறது. பயனளிக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. கூடவே சிப்ரோஃபிளாக்சசின் சாப்பிட்டால் ரத்தத்தில் அதன் அளவு கூடிவிடும்.

பல் பிடுங்க ஊசி போட்டதும் படபடப்பு வந்தது. மரத்துப்போகும் மருந்து அலர்ஜியா?

பெரும்பாலும் அலர்ஜி இல்லை. மருந்து அங்கேயே தங்குவதற்காக அதில் அட்ரினலின் கலந்திருப்பார்கள். கொஞ்சம் ரத்தத்தில் கலந்தால் ஓரிரு நிமிடம் நெஞ்சு படபடக்கும். ஒற்றைத் தலைவலிக்காகவோ கைநடுக்கத்துக்காகவோ புரோப்ரனோலால் சாப்பிடுபவர் மட்டும் பல் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். பீட்டா இரண்டும் அடைபட்டிருக்க, அட்ரினலின் ஆல்ஃபாவில் மட்டும் வேலை செய்து பிரஷரைத் தூக்கிவிடும், நாடியோ விழும்.

தேள் கடிக்கு ஏன் பிரஷர் மாத்திரை கொடுக்கிறார்கள்?

இந்தியா உலகத்துக்குச் சொன்ன பாடம் இது. செந்தேளின் அறிவியல் பெயரிலேயே "தமுலஸ்" ஒட்டிக்கொண்டிருக்கிறது, நமக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை. அதன் நஞ்சு நரம்பு முனைகளின் சோடியம் வாயில்களைத் திறந்துவைத்துவிடுவதால், கயிறும் தார்க்குச்சியும் ஒரே நேரத்தில் வெறிபிடித்தாற்போல் இயங்கும். முதலில் வியர்வை, வாந்தி, எச்சில், சிலருக்கு நாடி மெதுவாதல். பிறகு பரிவுப் புயல்: கைகால் சில்லிட்டு, நாடியும் அழுத்தமும் ஏறி, கடைசியில் நுரையீரலில் நீர் கோத்துவிடும்.

1970-களின் பிற்பாதியில் மகாராஷ்டிரத்தின் மகாடு அருகே ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், கொட்டுப்பட்ட பிள்ளைகள் இப்படிச் சாவதை இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துவைத்தார். ரத்தக் குழாயை இறுக்கும் ஆல்ஃபா ஏற்பிதான் வில்லன் என்று புரிந்துகொண்டு, அந்த ஏற்பியை அடைக்கும், அப்போது புதிதாக வந்திருந்த பிரசோசின் என்ற பிரஷர் மாத்திரையைக் கொடுத்தார். இறப்பு மளமளவென்று குறைந்தது. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ. பின்னால் தேள் நஞ்சுமுறி மருந்தும் சேர்ந்துகொண்டது.

நாடிதானே ஓடுகிறது, பீட்டா தடுப்பான் கொடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இறுகிய குழாய்க்கு எதிராகத் திணறும் இதயத்தின் ஒரே துணையையும் பிடுங்கிவிடும் செயல் அது. அட்ரினல் சுரப்பியில் வரும் ஃபியோகுரோமோசைட்டோமா கட்டியிலும் இதே விதி: முதலில் ஆல்ஃபாவை அடை, பிறகுதான் பீட்டா.

பூச்சிமருந்து தெளித்த விவசாயிக்கு அத்தனை அட்ரோபின் ஆம்பூல் எதற்கு?

ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடுகின்றன. அசிட்டைல்கோலின் தேங்கித் தேங்கி, எச்சிலும் சளியும் பெருகி, கண்மணி கடுகாகச் சுருங்கி, நாடி விழும். சிலருக்கு நாடி ஓடவும் செய்யும், அசிட்டைல்கோலின் பரிவு நரம்பின் இடைமுடிச்சையும் தூண்டுவதால். ஆகவே "நாடி வேகமாகத்தானே இருக்கிறது" என்று அட்ரோபினை நிறுத்திவைக்கக் கூடாது.

இங்கே ஓர் ஆம்பூல் கணக்கு எடுபடாது. 1.8 முதல் 3 மி.கி. வரை கொடுத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பலன் போதாவிட்டால் இருமடங்காக்கிக்கொண்டே போக வேண்டும்: நுரையீரலில் இரைச்சல் நின்று, நாடி 80-ஐத் தாண்டி, மேல் அழுத்தமும் 80-ஐத் தாண்டும்வரை. ஆம்பூல் உடைத்து உடைத்து விரலில் கண்ணாடி கீறாத ஹவுஸ் சர்ஜன் நம் மாவட்ட மருத்துவமனைகளில் அபூர்வம். தெளிக்கும்போது மயக்கம் வந்தவரின் சட்டையைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, 108-ஐ அழையுங்கள். கழுவுபவர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

நாங்களும் சிறு அளவில் இதையே வேண்டுமென்று செய்கிறோம். அறுவை முடிந்ததும் தசைத்தளர்வை மாற்ற நியோஸ்டிக்மின் கொடுக்கும்போது நாடி விழாதிருக்க, அட்ரோபின் போலவே வேலை செய்யும் கிளைக்கோபைரோலேட்டையும் சேர்த்தே ஏற்றுவோம்.

ஊமத்தை, அரளி இவையும் இந்தக் கணக்கில் வருமா?

ஊமத்தையில் இருப்பது அட்ரோபினும் அதன் உறவினர்களுமே. மூச்சுத்திணறலுக்கு அதன் புகையைப் பிடிக்கும் பழக்கத்தில் ஒரு தர்க்கம் இருந்தது. எவ்வளவு உள்ளே போகிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. காய்ச்சல், வறண்ட வாய், ஓடும் நாடி, பிதற்றல் எல்லாம் சேர்ந்து வந்தால் மருத்துவர் ஊமத்தையை நினைப்பார்.

அரளி வேறு. டிஜாக்சின் என்ற இதய மருந்தைப் போன்ற நஞ்சு அதில் இருக்கிறது. டிஜாக்சினின் மூதாதைச் செடியை 1785-இல் வில்லியம் விதரிங் மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். டிஜாக்சின் வேகஸை வலுப்படுத்துவதால் மேலறை நடுக்கத்தில் சும்மா இருக்கும்போது நாடியை அடக்கும். நடந்தால் வேகஸ் தானே விலகிக்கொள்ளும், மருந்தின் பிடியும் போய்விடும். அரளியை எந்த நோய்க்கும் வீட்டு மருந்தாகத் தொட வேண்டாம்.

மேடைக் கூச்சத்துக்குப் புரோப்ரனோலால் போடலாமா?

கை நடுக்கத்தையும் படபடப்பையும் அடக்கும் என்பது உண்மை. அதனாலேயே துப்பாக்கி சுடுதலிலும் வில்வித்தையிலும் தடை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வடகொரிய வீரர் ஒருவர் இதற்காக இரண்டு பதக்கங்களை இழந்தார். ஆஸ்துமா இருப்பவர் நண்பரிடம் வாங்கிப் போட்டால் மேடைக்கு முன் அவசரப் பிரிவைப் பார்க்க நேரும்.

ஆபரேஷனுக்கு முன் மயக்க மருத்துவரிடம் எதையெல்லாம் சொல்ல வேண்டும்?

பிரஷர் மாத்திரையை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். மறப்பவை வேறு. இன்ஹேலர். கண் சொட்டு. புராஸ்டேட் மாத்திரை. அம்மாவின் மறதிக்காகக் கொடுக்கும் டோனெபெசில்; அது அசிட்டைல்கோலினைக் கூட்டுவதால், பீட்டா தடுப்பானோடு சேர்ந்தால் நாடி விழுந்து மயக்கம் வரும். மூக்கடைப்புக்குப் போடும் சளி மாத்திரை. அதில் ஃபீனைல்எஃப்ரின் இருக்கும். தூக்கத்துக்கும் நரம்புவலிக்கும் போடும் அமிட்ரிப்டிலின். அது பக்கவாட்டில் அட்ரோபின் வேலையும் பார்க்கும். ஜிம்மில் யாரோ கொடுத்த ஊசி. அதில் மெஃபென்டெர்மின் இருந்தால், அது தியேட்டரில் நாங்கள் பிரஷர் ஏற்றப் பயன்படுத்தும் மருந்து. வீட்டில் மறைத்ததையும் எங்களிடம் மறைக்காதீர்கள். நாட்டு மருந்து எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள்.

பெயர் நினைவில்லை என்றால் பரவாயில்லை. அட்டை, பாட்டில், பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள். மேசைமேல் கொட்டிப் பார்த்துக்கொள்கிறோம்.